கொங்கலகோனைக்குப் போன சோற்றுக் காவடி

2022 பிப்ரவரி 27: நுழைவுக் கட்டணம், ஒருவருக்கு 30 ரூபாய்.
2022 டிசம்பர் 25: வேன் வாடகை 3,500 ரூபாய். நுழைவுக் கட்டணம் ஒன்பது பேருக்கு 270 ரூபாய். திருப்பிக் கொடுத்தது 270 ரூபாய்.
2023 ஜனவரி 9: மனு, பதிவுத் தபால், 27 ரூபாய்.
2023 ஜூலை 3: மறு மனு, பதிவுத் தபால், 27 ரூபாய்.
2024 ஜனவரி 21: நுழைவுக் கட்டணம் இல்லை.

அனுசுயாவுக்கு இப்போது நாற்பத்தெட்டு வயது. திருத்தணியில் மலைப்படிகளுக்கு இரண்டு தெரு தள்ளி, ஓடுகளை எடுத்துவிட்டுத் தளம் போட்ட சின்ன வீட்டில் இருக்கிறாள். பதினான்கு வருடமாக ஒரு பள்ளிக்கூடத்தின் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை. அங்கே சாப்பிட்ட பிள்ளைகள் மீசை முளைத்த பிறகும் பஸ்ஸில் அவளைப் பார்த்தால், "ஆயா, இன்னிக்கு முட்டை உண்டா?" என்று குரல் கொடுப்பார்கள். "உண்டு, தட்டு எடுத்தாந்தியா?" என்று இவளும் விடமாட்டாள்.

மேலே கண்ட தேதிகளும் தொகைகளும் அவளுடையவை. எல்லாம் ஒரே ஆசைக்காக. ஓர் ஆறு எந்த இடத்தில் தொடங்குகிறது என்று தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

அவள் பிறந்தது பள்ளிப்பட்டுக்குப் பக்கத்தில் ஆற்றங்கரைக் கிராமம். ஆறு என்றால் மணல். பிள்ளைகள் அதில் ஓடிப் பிடித்து விளையாடுவார்கள், பெரியவர்கள் மிளகாய் காய வைப்பார்கள், அக்கரைக்குப் போகிறவர்கள் செருப்பைக் கையில் எடுக்காமலே நடந்து போவார்கள். வருடத்தில் சில நாள் கணுக்கால் அளவு தண்ணீர் வரும். அப்பா அம்மாவோடு அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டு, களை பறித்து வளர்ந்தாள். பிறகு அத்தை மகன் குமரேசனுக்குக் கழுத்தை நீட்டித் திருத்தணிக்கு வந்தாள். அவனைச் சின்ன வயதில் கூப்பிட்டதுபோல இன்றைக்கும் தெலுங்கு வழக்கில் 'பாவா' என்றுதான் கூப்பிடுகிறாள். அவன் அரக்கோணம் ஸ்டேஷனில் சரக்கு ஏற்றி இறக்கும் ஒப்பந்த வேலை பார்க்கிறான். வாய் கொஞ்சம் நீளம். ஆடிக் கிருத்திகை தவறாமல் காவடி எடுப்பவன்.

2021 நவம்பரில் அனுசுயா அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது மேலே அணையைத் திறந்துவிட்டார்கள். விடிந்து பார்த்தால் தரைப்பாலத்தைக் காணோம். மூன்று நாள் ஊரே கரையில் நின்றது. யார் நெல் போயிற்று, யார் மாடு போயிற்று என்று பேச்சு. அனுசுயா பார்த்தது ஒரு மருத மரத்தை. வேரும் கிளையுமாக, சாயாமல் நின்றபடியே அது நடு ஆற்றில் போய்க்கொண்டிருந்தது. கொக்கு ஒன்று அதன் உச்சியில் பேசாமல் உட்கார்ந்திருந்தது.

"இவ்ளோ தண்ணியும் இத்தினி நாளா எங்க இருந்துச்சி?" என்று அவள் அண்ணன் ராஜவேலுவைக் கேட்டாள்.

"மலையில."

"மலையில எங்க?"

"நான் இன்னா உள்ள போய்ப் பாத்துகினா இருந்தேன்? வேணும்னா நீ போய்ப் பாரு, போ."

அண்ணன் எரிச்சலில் சொன்னதுதான். அவள் அதைச் சும்மா எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த பிப்ரவரியில் சத்துணவு அமைப்பாளர் சுஜாதா, தன் வீட்டாரோடு கொங்கலகோனைக்குப் போனபோது அனுசுயாவையும் அழைத்துப்போனாள். சுஜாதாவின் வீட்டார் நிலபுலன் உள்ளவர்கள். இருந்தாலும் இருவருக்கும் அக்கா தங்கை பேச்சுதான். பள்ளிப்பட்டைத் தாண்டினால் ஆந்திரம். பெயர்ப்பலகைகள் தெலுங்குக்கு மாறும், மாந்தோப்புகள் வரும், தோப்பும் முடிந்தபின் சாலை ஒரு வனத்துறைச் சோதனைச்சாவடியில் போய் நிற்கும். அதற்கு அப்பால் காடு. தனியார் நிலம் ஒரு சென்ட் கிடையாது. கொங்கலு என்றால் தெலுங்கில் கொக்குகள், கோனை என்றால் மலைக்கு நடுவே தண்ணீர் ஓடும் பள்ளத்தாக்கு. சீட்டு வாங்கினால் கீழ்மடுவு என்கிற முதல் குளம் வரை யாரும் நடந்துபோய்க் குளிக்கலாம். அதற்கு மேலே போக வனத்துறை ஆள் கூட வர வேண்டும்.

பாறைகளுக்கு நடுவே நடந்து கீழ்மடுவுக்கு வந்தபோது அனுசுயா நின்றுவிட்டாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்குத் தெரிந்த தண்ணீர் டிரம்மில் நிற்கும் தண்ணீர். குனிந்து பார்த்தால் நீலமாக இருக்கும். அது டிரம்மின் நீலம். இங்கே இரண்டு ஆள் ஆழத்தில் கிடந்த கூழாங்கல்லின் மேல் வெள்ளைக் கோடு ஓடுவது தெரிந்தது. முதலில் ஒரு நிழலைப் பார்த்தாள். நிழல் நகர்ந்த பிறகுதான் அதற்கு மேலே மீன் இருப்பது தெரிந்தது. நடுவில் தண்ணீர் ஒன்று இருக்கிறது என்பதே கண்ணுக்குத் தெரியவில்லை.

"எறங்குடி, இன்னாத்துக்கு நிக்கற?" என்றாள் சுஜாதா.

"காலை வெச்சா அழுக்காயிடும்போல கீதுக்கா."

"நீ ஒருத்தி எறங்கித்தான் அழுக்காவப் போவுது. எறங்கு."

இறங்கினாள். குஞ்சு மீன்கள் பாதத்தைக் கொத்தின. அவள் மேலே பார்த்தாள். பாறை மேல் பாறையாகச் சிவந்த சுவர்கள் இரண்டு பக்கமும் எழும்பி, அவற்றுக்கு நடுவே ஓடை வளைந்து மறைந்தது. அந்த வளைவுக்கு மேலே எங்கேயோ இது தொடங்குகிறது. கீழே போய், பெயர் மாறி, அவளுடைய அம்மா வீட்டு மணலில் சேர்கிறது. வேனில் திரும்பும்போது, மலை மறையும்வரை அவள் பின்னால் திரும்பியே உட்கார்ந்திருந்தாள்.

அதிலிருந்து ஒரு பழக்கம் வந்தது. கிருத்திகைக்குக் கிருத்திகை மலைக்குப் போனால், சாமி கும்பிட்ட கையோடு மேற்குப் பக்கச் சுவரோரம் போய் நிற்பாள். மழை பெய்து ஓய்ந்த நாளில் வடமேற்கே மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நீலமாகத் தெரியும்.

"சாமி இந்தப் பக்கம் கீறாரு. நீ அந்தப் பக்கம் பாத்துகினு கீற" என்பான் குமரேசன்.

"சாமி எங்க போயிடப் போறாரு பாவா?"

"மலை மட்டும் ஓடிடப் போவுதா?"

அந்த வருடம் டிசம்பர் 25, ஞாயிற்றுக்கிழமை. பக்கத்துப் பள்ளிகளில் சமைப்பவர்களைச் சேர்த்து, குமரேசனோடு ஒன்பது பேராக, டில்லிபாபுவின் வேனைப் பேசிக்கொண்டு கிளம்பினார்கள். சாவடியில் சொல்லி, ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, மேலே கடைசிவரை போவது என்று அனுசுயா முடிவு செய்திருந்தாள். வருடம் முழுக்க அடுத்தவர் பிள்ளைக்குச் சமைக்கிற எட்டுப் பேரும் அன்றைக்காவது ஓட்டலில் சாப்பிட்டிருக்கலாம். ஆனால் திருத்தணிப் பக்கம் ஒரு வழக்கம். வெளியே கிளம்பினால் போகிற இடத்தில் அடுப்பு மூட்டிப் பொங்கியாக வேண்டும், இல்லாவிட்டால் போய் வந்ததாகவே கணக்கில்லை. அண்டா, அரிசி, புளி, கத்தரிக்காய் எல்லாம் ஏறின. விறகுக்கு என்ன செய்வது என்று யாரோ கேட்க, "காட்டுல விறகுக்கா பஞ்சம்?" என்று சொல்லி, சுஜாதா வீட்டிலிருந்து கொடுவாள் ஒன்றையும் கேட்டு வாங்கிச் சாக்கில் போட்டாள் அனுசுயா. முதல் நாள்தான் சாணை பிடித்தது. பளபளவென்று இருந்தது.

கொங்கலகோனை செம்மரக் காடு. அந்த மரத்தைத் திருட்டுத்தனமாக வெட்டத் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து ஆள் பிடித்துக் கூட்டிப்போகும் கும்பல்கள் உண்டு, பிடிபட்டவர்களும் உண்டு. எல்லையோரத்தில் இது தெரியாத வீடு கிடையாது. அனுசுயாவுக்கும் தெரியும். ஆனால் சமையல்காரிக்குக் கொடுவாள் என்பது கரண்டியைப் போல ஒரு சாமான். அதை வனத்துறைக்காரன் கண்ணால் பார்க்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

சீட்டுக் கொடுத்த காவலர் சாக்கை அவிழ்த்தார். அண்டாவை எடுத்தார், அரிசியை எடுத்தார், கொடுவாளை எடுத்தார். பிறகு உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். வனச்சரகப் பிரிவு அலுவலர் பங்காரு வெளியே வந்தார். ஒல்லியான மனிதர், காதோரம் நரை. தெலுங்குக்காரர், தமிழ் தண்ணீர்பட்ட பாடு.

"ஏமம்மா, இது இன்னா?"

"கொடுவா சார்."

"அது தெரியுது. எதுக்கு?"

"விறகு வெட்ட."

"எந்த விறகு?"

"உள்ள கீற விறகுதான் சார்" என்றாள் அனுசுயா.

காவலர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இதைவிட மோசமான பதில் ஒன்றை யோசித்தாலும் கிடைக்காது. தமிழ்நாட்டு வண்டி, ஒன்பது பேர், சாணை பிடித்த கொடுவாள், உள்ளே இருக்கும் மரம்.

குமரேசனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "செம்மரம் வெட்டற கூட்டம் புளியும் கத்திரிக்காயும் கட்டிகினு வருமா சார்?"

"போன வருசம் ஒரு கூட்டம் பிரியாணி அண்டாவோட வந்துச்சி" என்றார் பங்காரு. சிரிக்கவில்லை.

அவர் சத்தம் போடவும் இல்லை. ஒன்பது பேரின் பெயரையும் விலாசத்தையும் எழுதிக்கொண்டார். கட்டணத்தைத் திருப்பித் தரச் சொன்னார். கொடுவாளுக்கு ரசீது எழுதிக் கொடுத்தார். சரக அலுவலகத்திலிருந்து உத்தரவு வரும்வரை இந்த ஒன்பது பேரும் இந்தக் கேட்டைத் தாண்டக் கூடாது, அதுதான் விதி. நடைபாதையின் குறுக்கே, இரு சக்கர வண்டி நுழையாமல் இருக்க, ஓர் ஆள் நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலான மூங்கில் ஒன்று போட்டிருந்தது. அனுசுயா அதன் மேல் கையை வைத்துக்கொண்டு வளைவுக்கு அப்பால் பார்த்தாள். தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

அண்டா சும்மா திரும்பக் கூடாதென்று வழியில் ஒரு மாந்தோப்பு ஓரம், வாங்கின விறகில், பொங்கித்தான் சாப்பிட்டார்கள்.

"ஆறு எங்க பொறக்குதுன்னு பாக்கப் போனாளாம். போலீஸ் ஸ்டேஷன் எங்க கீதுன்னு பாத்துட்டு வந்திருப்பா" என்று குமரேசன் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தான். சுஜாதாவோ லீவு முடிந்து பள்ளி திறந்ததிலிருந்து ஒரே பாட்டு. காலையில் அரிசி அளந்து கொடுக்கும்போதும் கேட்பாள், மாலையில் சாவி வாங்கும்போதும் கேட்பாள்.

"என் கொடுவா எங்கடி?"

"காட்டுல கீதுக்கா. பத்திரமா கீது, கவர்மெண்டு காவல்ல."

"எங்க மாமனார் காலத்துது."

"அதான் ரசீது கீதுல்ல, அத்த வெச்சி வெட்டு."

ஆனாலும் ஒன்பது பெயரையும் நீக்கக் கேட்டு மனுவை எழுதிக் கொடுத்தது சுஜாதாதான். ஜனவரியில் அனுப்பியதற்குப் பதில் வரவில்லை. ஜூலையில் மறுபடி எழுதினார்கள். ஆகஸ்டில் தெலுங்கில் ஒரு தாள் வந்தது. அனுசுயா தெலுங்கு நன்றாகப் பேசுவாள், ஓர் எழுத்துப் படிக்கத் தெரியாது. பள்ளிப்பட்டு பஸ் கண்டக்டர் ஒருவர் படித்துச் சொன்னார்: விஷயம் பரிசீலனையில் உள்ளது.

"அப்டின்னா?"

"இல்லன்னு சொல்லல, ஆமான்னும் சொல்லல. டிக்கெட் எடு."

அந்தப் பெயர்ப்பட்டியல் அவளை உறுத்தியது. கூட வந்த எட்டுப் பேரும் அதை மறந்து ஏலகிரிக்கும் பிச்சாட்டூருக்கும் போய் வந்துவிட்டார்கள். அவளுக்குப் போக வேண்டிய இடம் ஒன்றுதான், அந்த ஒன்றில்தான் அவள் பெயர் திருடர் கூட்டத்தோடு எழுதியிருந்தது. முழங்கால் வேறு படி ஏறினால் நீர் கோத்துக்கொள்ளத் தொடங்கியிருந்தது. இன்னும் நான்கைந்து வருடம் போனால் உத்தரவு வந்தும் பயனிருக்காது.

2023 டிசம்பர்ப் புயல் அந்த மலைகளில் கொட்டித் தீர்த்தது. பொங்கல் கழிந்த வாரம் ஒரு போன் வந்தது.

"கொடுவா அம்மாவா?"

குரலைக் கேட்டதும் அனுசுயா எழுந்து நின்றுவிட்டாள். "ஆங், சார்."

போன வருடம் வந்த கூட்டம் விட்டுப்போன பாட்டிலும் பிளாஸ்டிக்கும் கோனை நெடுக அடைத்துக்கொண்டிருக்கிறது, மலையேறப் பழகிய சென்னைப் பிள்ளைகள் அறுபது பேர் ஞாயிற்றுக்கிழமை வந்து பொறுக்கப்போகிறார்கள், பேசி வைத்திருந்த சமையல்காரர் வரவில்லை என்றுவிட்டார். பங்காரு மனுவில் இருந்த நம்பரைப் பார்த்துக் கூப்பிட்டிருந்தார்.

"எம் பேரு புக்குல கீதே சார்?"

"அது சுத்திப் பாக்க வர்றவங்களுக்கு. நீ வேலைக்கு வர்ற. சாவடிக்கு இந்தப் பக்கமே கேஸ் அடுப்பு, அங்கியே சமையல். மேல போவற வேலை கெடையாது." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "கத்தி கித்தி நாங்களே தர்றோம்."

அனுசுயா சரி என்றாள். கேட்டருகே உட்கார்ந்து சோறாக்கிவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். அதற்கும் சரி என்றாள். வெங்காயம் உரிக்க என்று குமரேசனையும் கூட்டிப் போனாள்.

ஞாயிறு விடிகாலை அறுபது பேரும் கோணிப்பைகளோடு மேலே போனார்கள். மதியம் கீழ்மடுவுக்கு இறங்கி வந்து சாப்பிடுவதாகப் பேச்சு. சாம்பார் சாதமும் தயிர்சாதமும் தயாராகி, தாளித்த வாசம் சாவடியைச் சுற்றி நிற்கும்போது பங்காருவின் வயர்லெஸ் கரகரத்தது. மலையேற வந்தவர்கள் மூன்றாம் மடுவில் போட்ட பாட்டில்களைப் புயல் வெள்ளம் பாறைச் சந்துகளில் சொருகிவிட்டிருக்கிறது, எடுக்கச் சாயங்காலமாகும், இறங்கி வந்தால் மறுபடி ஏற முடியாது. சோறு மேலே வர வேண்டும்.

சாவடியில் இருந்தது பங்காருவையும் சேர்த்து மூன்று பேர். ஒருவர் கேட்டில் நின்றாக வேண்டும். இரண்டு பாத்திரமும் தூக்கினால் கை அறுந்துவிடும் கனம். வழியோ பாறைக்குப் பாறை தாவ வேண்டிய வழி, இரண்டு கையும் காலியாக இருந்தாலே சிரமம்.

குமரேசன் பாத்திரங்களைப் பார்த்தான், தன் தோளைத் தடவிக்கொண்டான். "ஒரு மூங்கில் இருந்தா குடு சார். ரெண்டு பக்கம் கட்டிகினு நான் போயிடறேன்."

"இங்க ஒரு குச்சி ஒடைக்கக் கூடாது."

"ஒடைக்க இன்னாத்துக்கு? தோ, ஒடச்சதே கீதே." நடைபாதையின் குறுக்கே கிடந்த தடுப்பு மூங்கிலைக் காட்டினான்.

பங்காரு மூங்கிலைப் பார்த்தார். காவலரைப் பார்த்தார். "சார், கேட்டு?" என்றார் காவலர்.

"நீ நில்லு குறுக்க" என்றார் பங்காரு.

மூங்கில் கொக்கியிலிருந்து இறங்கியது. இரண்டு முனையிலும் கயிறு கட்டிப் பாத்திரங்களைத் தொங்கவிட்டு, துண்டைச் சுருட்டித் தோளில் வைத்து, குமரேசன் குனிந்து நிமிர்ந்தான். இருபத்தேழு ஆடிக் கிருத்திகை பழகிய தோள். மூங்கில் ஒருமுறை மேலும் கீழும் ஆடி அவனுக்கு ஒத்துக்கொண்டது. இரண்டு அடி வைத்தவன் நின்றான்.

"சார், ஒண்ணு கீது. எனக்குச் சொமக்கத்தான் தெரியும். பரிமாறத் தெரியாது. அறுவது பேருக்கு அளவு தப்பிடும். அவ வரணும்."

அனுசுயா அவனைப் பார்த்தாள். ஊரில் எந்தக் கல்யாணமானாலும் பந்தியில் வாளியோடு முதலில் இறங்குபவன் அவன். அவன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. கழுத்து நரம்பு புடைக்க நேராகப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பங்காரு வயர்லெஸ்ஸை இடுப்பில் சொருகிக்கொண்டார். "கரண்டி எடுத்துக்கோம்மா" என்றார்.

தடுப்பு இருந்த இடத்தைக் கடக்கும்போது அவள் காலைக் கொஞ்சம் தூக்கி வைத்தாள், அங்கே ஒன்றும் இல்லை என்றபோதும்.

முன்னால் பங்காருவும் இன்னொரு காவலரும், நடுவில் காவடி, பின்னால் தையல் இலைக் கட்டும் கரண்டிகளுமாக அனுசுயா. கீழ்மடுவைத் தாண்டி அந்த வளைவில் திரும்பியதும் வெயில் நின்றுவிட்டது. சிவந்த பாறைச் சுவர்கள் கிட்டே வந்து, வானம் மேலே ஒரு துண்டுத் துணி அகலத்துக்குச் சுருங்கியது. பெரிய பாறைகளில் குமரேசன் பக்கவாட்டில் திரும்பிக் கால் வைத்தான். பாத்திரங்கள் ஆடின, மூடி அசையவில்லை. மலைப்படியில் போலவே ஒவ்வோர் ஏற்றத்திலும் "அரோகரா" என்றான், ஒவ்வோர் அரோகராவையும் பாறை வாங்கித் திருப்பிச் சொன்னது. ஓரிடத்தில் அவன் மூச்சு வாங்க, காவலர் தோள் கொடுத்தார். அடுத்த இடத்தில் அனுசுயா, "நான் எடுக்கறேன்" என்றாள்.

"கொடுவா தூக்கினது போதும், நீ கரண்டியத் தூக்கு" என்று மறுபடி வாங்கிக்கொண்டான்.

மூன்றாம் மடுவு தெரிந்தபோது அவன் வாய் மூடிற்று. மேலே பாறை முகட்டில் தேனடைகள், ஆள் அகலத்துக்கு, கறுப்பாக வரிசையாகத் தொங்கின. "சத்தம் வேணாம்" என்று பங்காரு கையால் காட்டினார். காட்டியிருக்க வேண்டியதில்லை. கீழே அறுபது பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள், கோயில் கருவறை முன்னால் நிற்பதுபோல எல்லாரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். மடுவு பச்சையாக, அடி தெரியாமல் கிடந்தது. பாறை இடுக்கிலிருந்து ஒரு வெள்ளை நூல் மாதிரி தண்ணீர் இறங்கி, விழும் சத்தமே இல்லாமல் அதில் கலந்தது. அனுசுயா பரிமாறினாள். சாம்பார் சாதம் வாங்கும்போது ஒரு பெண், "அக்கா, சூடா இருக்கு, எப்படிக் கொண்டு வந்தீங்க?" என்றாள். "காவடியில" என்றாள் அனுசுயா. அந்தப் பெண்ணுக்குப் புரிந்ததோ இல்லையோ, மூங்கிலைப் பார்த்துக் கும்பிட்டாள்.

எல்லாரும் சாப்பிட்டானதும் அனுசுயா கரண்டியைத் துடைத்து வைத்தாள். பங்காரு இலையை மடித்துக் கோணியில் போடும்வரை காத்திருந்தாள்.

"சார். இது எங்க ஆரம்பிக்குது?"

"மேல. அங்க குப்பை இல்ல, யாரும் போவலை."

"தூரமா?"

அவர் சுவரின் உச்சியில் வெயில் எங்கே நிற்கிறது என்று பார்த்தார். அவள் முழங்காலைப் பார்த்தார். "இதுக்குத்தான் அன்னிக்கு வந்தியா?"

"ஆங்."

"கொடுவாளோட."

"அது விறகுக்கு சார்."

முதல் தடவையாக அவர் சிரித்தார். "சரே, பதம்மா, போலாம். சட்டுனு போய் சட்டுனு வரணும்."

நூல் விழுந்த இடுக்கின் ஓரமாக வேரைப் பிடித்து, குமரேசனும் சேர்ந்து மூவரும் ஏறினார்கள். அதற்கு மேலே ஓடை ஒரு முழ அகலம், பிறகு ஒரு சாண். பாறையெல்லாம் பாசி. நாவல் வேர்கள் கல்லைப் பிடித்துக்கொண்டு இறங்கியிருந்தன. காற்று ஈரமாகக் குளிர்ந்தது. கொஞ்ச தூரத்தில் காலுக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்த சத்தமும் நின்றுபோயிற்று. ஒரு பாறைச்சுவர், அதன் அடியில் பெரணி. பங்காரு பெரணி இலையை ஒதுக்கிப் பிடித்தார்.

பாறையில் ஒரு கீறல். அதிலிருந்து மூன்று விரல் அகலத்துக்குத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அவ்வளவுதான்.

அனுசுயா உட்கார்ந்தாள். மருத மரத்தை நின்றபடியே கொண்டுபோனது இது. தரைப்பாலத்தை முழுங்கியது, மூன்று நாள் ஊரைக் கரையில் நிற்க வைத்தது இது. கையை நீட்டினாள், கொஞ்சம் தயங்கினாள், பிறகு உள்ளங்கையைக் கீறலின் மேல் வைத்தாள். தண்ணீர் நின்றது. கீழே பாறையில் ஈரக் கோடு அறுந்தது. ஓர் ஆறு அவள் கைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. பிறகு உள்ளங்கையில் ஒரு தள்ளல் தெரிந்தது, சின்னப் பிள்ளை ஒன்று உள்ளேயிருந்து கதவைத் தள்ளுவதுபோல. வெடுக்கென்று கையை எடுத்துவிட்டாள்.

"எங்கிருந்து சார் வருது உள்ள?"

"போன மாசம் பேஞ்ச மழையா இருக்கும். போன வருசத்துதா இருக்கும். அதுக்கும் முன்னதா இருக்கும். மலை வெச்சிருந்து வெச்சிருந்து குடுக்குது." பெரணியை மெதுவாக விட்டார். "இது ஒண்ணுன்னு நெனைக்காத. இந்தக் கோனையில இந்த மாதிரி நானே ஏழு பாத்திருக்கேன். பாக்காதது எத்தினியோ."

அனுசுயா சுற்றிலும் பார்த்தாள். எதிர்ச்சுவர் ஈரமாக மின்னியது. அதற்கு மேலே இன்னொரு சுவர். அவள் நின்றிருந்த பாறைக்குக் கீழேயும் ஏதோ போய்க்கொண்டிருக்க வேண்டும். கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டாள். குமரேசன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பெரணி மறைத்த இடத்தையே பார்த்தபடி நின்றான்.

இறங்கும்போது அவள் கேட்டாள்: "இன்னா பாவா, அரோகரா போடல?"

"தோணல. சத்தம் போட்டா அது நின்னுடும்போல இருந்துச்சி."

கொஞ்ச தூரம் போனதும் அவனே மறுபடி சொன்னான்: "அவ்ளோ ஆத்துக்கு வாய் மூணு வெரல்டி. மூணே வெரல்."

சாயங்காலம் காலிப் பாத்திரங்களோடு காவடி இறங்கியது. கேட்டுக்குக் குறுக்கே நின்றிருந்த காவலர் மூங்கிலை வாங்கி, கயிற்றை அவிழ்த்து, சாம்பார்க் கறையைத் துடைத்து, கொக்கியில் மாட்டினார். அனுசுயாவும் குமரேசனும் அதற்கு வெளியே நின்றார்கள். பெயர் இன்னும் புத்தகத்தில்தான் இருந்தது. மற்ற ஆறு கீறலையும் அவள் இன்னும் பார்க்கவில்லை.

"எழுதறேன்" என்றார் பங்காரு. "மேல இருக்கறவங்க கையெழுத்துப் போடணும். நான் எழுதறேன்."

மறுநாள் அரிசி அளக்கும்போது சுஜாதா, "பாத்தியாடி?" என்றாள்.

அனுசுயா மூன்று விரலைக் காட்டினாள். பிறகு கையைக் கவிழ்த்து உள்ளங்கையைப் பார்த்தாள். சுஜாதா அன்று மட்டும் கொடுவாளைப் பற்றிக் கேட்கவில்லை.

ஒரு மாதம் கழிந்து தெலுங்கில் கடிதம் வந்தது. அதே கண்டக்டரைத் தேடிப் பிடித்து, பஸ் கிளம்பும் முன்னால் படிக்கச் சொன்னாள். ஒன்பது பெயரும் நீக்கப்பட்டன. காட்டுத்தீக் காலம் தொடங்குவதால் மார்ச் முதல் கோனை மூடப்படும், மழைக்குப் பின் திறக்கும்போது மற்றவர்களைப் போல அவர்களும் வரலாம். கைப்பற்றப்பட்ட கொடுவாளை ரசீதோடு நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும். இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தும் கண்டக்டர் படித்தார்.

"இந்த வாரமே போய் வாங்கியாந்துடு, மூடறதுக்குள்ள" என்றாள் சுஜாதா.

"மழை பேயட்டும்க்கா."

"அதுக்குள்ள துருவேறிடும்டி."

"ஏறட்டும். சாணை நான் புடிச்சித் தர்றேன். அது அங்க இருந்தாத்தான் நான் போயாவணும்."

குமரேசன் அந்தக் கடிதத்தை வாங்கி, தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, வருடா வருடம் காவடி சார்த்தி வைக்கும் மூலையில் சாமி படத்துக்குப் பின்னால் செருகினான். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. அது வந்த தேதி 2024 பிப்ரவரி 22.